ஒரு சொல்லை அறிதல்: சேலம், 1916

சென்ற ஆண்டு நம் வகுப்பு மாணவர் ஒருவர் கனத்த நோட்டுப் புத்தகமொன்றைக் கொண்டுவந்து காட்டினார். ராசிபுரத்துக்கு அருகிலுள்ள சிற்றூரைச் சேர்ந்தவர். தந்தை ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியில் வேலை செய்கிறார். மகன் போட்டித் தேர்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறார். நோட்டில் அகரவரிசைப்படி ஆங்கிலச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கிலத்திலேயே பொருள். பக்கத்துக்கு முப்பது சொல்லாக நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அந்த உழைப்பைக் கண்டு நமக்கு முதலில் தோன்றியது மரியாதைதான்.

ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து ‘டிஸ்இன்டரெஸ்டட்’ என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டோம். தயங்காமல் ‘அன்பயஸ்ட்’ என்றார். அதற்கு என்ன பொருள் என்றோம். “அதுக்கும் இதேதானுங்க ஐயா” என்றார். தமிழில் சொல்லுங்கள் தம்பி என்றபோது தலைகுனிந்து நின்றார். இரண்டு சொற்களும் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு நிற்க, இரண்டுக்கும் வெளியே அவருக்குப் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை.

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்வது எப்படி என்ற கேள்வி இன்று சேலம், நாமக்கல் சமவெளியில் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் கேட்கப்படுகிறது. பிள்ளையின் வேலை, வருவாய், ஊரில் அதன் மதிப்பு அனைத்தும் அந்தக் கேள்வியில் தொங்குவதாகப் பெற்றோர் நம்புகின்றனர். அந்த நம்பிக்கையை நாம் எள்ளுவதற்கில்லை. ஆனால் இதே கேள்வி இதே மண்ணில் நூறாண்டுகளுக்கு முன்னரே கேட்கப்பட்டு, அதற்கு ஒரு விடையும் முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. அந்த விடையை நாம் மறந்துவிட்டோம் என்பதே இக்கட்டுரையின் ஆதங்கம்.

சேலத்துக்கும் ஆங்கிலத்துக்குமான உறவு பழையது. இன்று சேலம் அரசு கலைக் கல்லூரியாக நாம் அறியும் நிறுவனத்தின் தொடக்கம் 1857. சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும் அதே ஆண்டில்தான். பின்னர் நகராட்சிக் கல்லூரி என்ற பெயரில் அது நடந்த காலத்தில் அதன் ஆசிரியர்களாக இருந்தவர்களில் இருவரை இங்கே நினைவுகூர வேண்டும். ஒருவர் சி. விஜயராகவாச்சாரியார். அங்கே ஆங்கிலமும் கணிதமும் கற்பித்தவர், பின் வழக்குரைஞரானார். 1882ஆம் ஆண்டுச் சேலம் கலவர வழக்கில் குற்றம் சாட்டப்பெற்றுத் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலையானார். 1920இல் நாகபுரிக் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

மற்றவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். வலங்கைமானில் 1869இல் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தவர். 1890களில் சிலகாலம் சேலம் கல்லூரியில் பணியாற்றினார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரே கேட்டு வியந்த சொற்பொழிவாளராகப் பின்னாளில் அவர் உலகறியப்பட்டார். காந்தியடிகளின் தன்வரலாற்று ஆங்கில மொழிபெயர்ப்பு 1940இல் திருத்திய பதிப்பாக வந்தபோது, அதன் மொழியைச் செப்பனிட்டுக் கொடுத்தவர் இவரே. தம் பெயர் வெளியிடப்படலாகாது என்ற நிபந்தனையோடுதான் அப்பணியை ஏற்றார். ‘மேம்பட்ட சொல்வளம்’ என்று இன்று விளம்பரங்கள் சொல்வது ஒரு மனிதரிடம் முழுமையாக அமைந்திருந்ததென்றால் அவரிடம்தான்.

கல்லூரி ஒருபுறமிருக்க, சேலத்தில் ஆங்கிலம் பயின்ற இன்னொரு கூடம் நீதிமன்றம். அங்கே குற்றம் சாட்டப்பெற்றவரும் சாட்சியும் தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசுவார்கள். ஆவணம் ஆங்கிலத்தில் எழுதப்படும். இடையில் நிற்கும் வழக்குரைஞர் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு மொழியிலும் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஓமலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் கூண்டில் ஏறி ‘நான் என் கண்ணால் பார்த்தேன்’ என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அது சாட்சியம். ஆங்கிலத்தில் ‘டெஸ்டிமனி’. மேசைமீது வைக்கப்பட்ட, இரத்தக் கறை படிந்த அரிவாள் சான்று. அது ‘எவிடென்ஸ்’ என்ற பெருந்தொகுதியுள் அடங்கும், விவசாயியின் சாட்சியமும் அதனுள் அடங்குவதே. இவை அனைத்தையும் கேட்டும் கண்டும் ஐயத்துக்கிடமின்றி நீதிபதி வந்தடையும் முடிவுக்குத் துணைநிற்கும் நிலை நிரூபணம். அதுதான் ‘புரூஃப்’. அகராதியில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும். ஓர் ஆளின் தலை தூக்குக் கயிற்றில் இருக்கும்போது அவை ஒன்றல்ல.

இந்த நீதிமன்றத்துக்குத்தான் 1900ஆம் ஆண்டில் இளம் வழக்குரைஞராக வந்து சேர்ந்தார் சி. ராஜகோபாலாச்சாரியார். 1878இல் தொரப்பள்ளியில் பிறந்தவர். இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள அவ்வூர் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஓசூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் படித்துவிட்டு வந்த அவர் குற்றவியல் வழக்குகளில் விரைவில் பெயர் பெற்றார். 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானார். அவருடைய பிற்கால அரசியலோடு, குறிப்பாக மொழியும் கல்வியும் பற்றிய அவருடைய முடிவுகளோடு, கடுமையாக மாறுபடுவோர் நம்மிடையே பலர் உண்டு. மாறுபட வேண்டிய இடங்களும் உண்டு. ஆயினும் 1916இல் அவர் சேலத்தில் செய்த ஒரு காரியம் அந்த அரசியலுக்கெல்லாம் முற்பட்டது. அதைத் தனியே எடுத்துப் பார்ப்பது தகும்.

அந்த ஆண்டில் அவரும் வெங்கடசுப்பையர் என்ற நண்பரும் சேர்ந்து, ஆங்கிலத்திலுள்ள அறிவியற் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்களை வகுப்பதற்கென்று சேலத்தில் ஒரு சங்கத்தைத் தொடங்கினர். அக்காலத்து வழக்கில் கலைச்சொல்லுக்குப் ‘பரிபாஷை’ என்று பெயர். சங்கத்தின் சார்பில் ஓர் இதழும் வெளிவந்தது. புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார் சுதேசமித்திரனில் இம்முயற்சியைக் குறிப்பிட்டு எழுதினார். பெருநகரமல்லாத ஒரு மாவட்டத் தலைநகரில், அரசின் ஆணையோ பல்கலைக்கழகத்தின் பணமோ இல்லாமல், வழக்குரைஞர் ஒருவரும் அவர் நண்பரும் வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் தமிழில் சொல் தேடினார்கள் என்பதை நினைக்கும்போது நமக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இதைவிட வியப்பானது இன்னொன்று. தமிழ்ச் சொற்களைப் படைப்பதற்காக நடந்த அந்த இதழ் ஆங்கிலத்தில் நடத்தப்பட்டது! இதைச் சுட்டிக்காட்டிப் புன்னகைப்பது எளிது. வரலாற்றாய்வாளர்கள் இதை ஒரு முரணாகவே குறிப்பிடுவது வழக்கம். நாம் இதைச் சற்று வேறு விதமாக வாசிக்க விரும்புகிறோம். ஓர் ஆங்கிலக் கலைச்சொல்லுக்குத் தமிழ் காண வேண்டுமானால் முதலில் அந்த ஆங்கிலச் சொல் எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்கவில்லை, அதற்குப் பக்கத்துச் சொல்லிலிருந்து அது எந்த இடத்தில் பிரிகிறது என்பதைத் தீர்மானித்தாக வேண்டும். ‘ஃபோர்ஸ்’, ‘பவர்’, ‘எனர்ஜி’ மூன்றையும் ‘சக்தி’ என்ற ஒரே சொல்லால் பேச்சில் கடந்துவிடலாம். பாடநூலில் எழுத முடியாது. விசை, திறன், ஆற்றல் என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் மூன்றாகப் பிரித்துச் சொல்கின்றனர். அவ்வாறு பிரிப்பதற்கு முன் யாரோ ஒருவர் அந்த மூன்று ஆங்கிலச் சொற்களையும் ஆங்கிலேயர் பலரைவிடத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். அந்த வகையில் பார்த்தால் சேலத்துப் பரிபாஷை இதழ் தமிழுக்குச் செய்த தொண்டு மட்டுமன்று, சேலத்தில் நடந்த மிகச் சிறந்த ஆங்கிலச் சொல்வள வகுப்பும் அதுவே. நடத்தியவர்களுக்கு அப்படியொரு நோக்கம் இருந்திராது. ஆனால் பயன் அதுதான்.

இந்த உழைப்பு எத்தகையது என்பதைப் பாரதியார் தம் அனுபவமாகவே பதிவு செய்திருக்கிறார். ‘மெம்பர்’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி அவர் பட்ட பாட்டை வாசகர்கள் படித்திருக்கக்கூடும். அவயவி, அங்கத்தான், சபிகன் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஒன்று பொருந்தவில்லை, ஒன்று கட்டிவரவில்லை, ஒன்று பொதுமக்களுக்கு விளங்காது என்று ஒதுக்கி, கடைசியில் ‘மெம்பர்’ என்றே எழுதிவிட்டதாகச் சொல்கிறார். இன்று ‘உறுப்பினர்’ என்று நாம் கண்மூடி எழுதிவிடுகிறோம், கூட்டுறவுச் சங்க அட்டையிலும் அச்சிட்டுவிட்டோம். அந்தச் சொல்லுக்குப் பின்னே ஒரு மகாகவியின் தோல்வியும் இருக்கிறது. தோல்விதான் என்றாலும், ‘மெம்பர்’ என்பது உடலுறுப்பையும் சபையில் அமர்பவரையும் ஒருங்கே குறிக்கும் சொல் என்பதையும், அந்த உருவகம் தமிழில் அப்படியே ஒட்டாது என்பதையும் அந்தத் தேடலில் அவர் உணர்ந்துவிட்டார். பட்டியலை மனப்பாடம் செய்பவருக்கு இது கிட்டாது.

இத்துறையில் சேலத்தார் முதல்வரல்லர். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் கிறீன் 1840களின் இறுதியில் தொடங்கி ஏறக்குறைய கால்நூற்றாண்டு உழைத்தார். 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், உடற்கூறு முதலிய துறைகளின் நூல்களைத் தமிழாக்கினார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் தம் மொழிச் சொற்களைத் தமிழ் வழியாகத் திரும்ப அறிந்துகொண்ட வரலாறு அது. சேலத்தில் நடந்தது அதன் மறுபக்கம்: தமிழர் தம் மொழி வழியாக ஆங்கிலத்தை அறிந்துகொண்டது.

சேலம் இதழ் நெடுநாள் நடக்கவில்லை. ராஜாஜி 1919இல் காந்தியடிகளைச் சந்தித்தார். 1920இல் ஒத்துழையாமை இயக்கத்தின்பொருட்டு வழக்குரைஞர் தொழிலை விட்டார். பிறகு சிறை. 1925இல் திருச்செங்கோட்டையடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். இன்று நாமக்கல் மாவட்டத்திலுள்ள அந்த ஆசிரமத்தில் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ எழுத்தறியாத நெசவாளர், விவசாயிகளிடையே. பரிபாஷைச் சங்கம் மறைந்தது, அதன் பழக்கம் மறையவில்லை. சோக்ரதரைப் பற்றியும் மார்க்கஸ் அரேலியஸைப் பற்றியும் தமிழில் எழுதினார். வேதியியலைத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல விளக்கிய ‘திண்ணை ரசாயனம்’ அவருடையதே. பின்னாளில் அவர் பெயரை நாடெங்கும் கொண்டுசென்ற ஆங்கில மகாபாரதமும் இராமாயணமும் முதலில் தமிழில் எழுதப்பட்டவை. 1958இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது ‘சக்கரவர்த்தித் திருமகன்’. அந்த ஆங்கில நூல்களைப் புரட்டிப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். அகராதியைத் தேடி ஓடவைக்கும் சொல் அவற்றில் அரிது. பெரிய சொற்களையெல்லாம் அறிந்தவர் சிறிய சொல்லைத் தேர்ந்தெடுத்தார். எந்தப் பெரிய சொல் எந்தச் சிறிய சொற்களால் ஆனது என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதே நம் கருத்து.

இனி, அந்த வழி ஏன் தொடரவில்லை என்ற கேள்வி எழுகிறது. சேலத்தில் பரிபாஷைச் சங்கம் தொடங்கிய அதே 1916இல் மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கமும் தொடங்கியது. சேலத்தார் பெரிதும் வடமொழியைச் சார்ந்தே சொல் படைத்தனர். ‘பரிபாஷை’ என்ற பெயரே அதற்குச் சான்று. அடுத்த கால்நூற்றாண்டில் கலைச்சொல் என்பது பெரும் போர்க்களமாயிற்று. 1936இல் சென்னையில் விபுலானந்த அடிகள் தலைமையில் சொல்லாக்க மாநாடு நடைபெற்றது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் ஏறத்தாழ 10,000 சொற்கள் கொண்ட தொகுதியை வெளியிட்டது. 1940இல் அரசு ஒரு கலைச்சொற் குழுவை அமைத்து அதன் தலைமையை ஒருவரிடம் ஒப்படைத்தது. அவர் வேறு யாருமல்லர், முன்னாள் சேலம் கல்லூரி ஆசிரியர் சீனிவாச சாஸ்திரியார்தான். தமிழ்ச் சொற்களைவிட இந்திய மொழிகளுக்குப் பொதுவான வடமொழிச் சொற்களின் பக்கமே அவர் சாய்ந்தார். தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தனர். குழுவில் தமிழறிஞர்கள் பின்னர் சேர்க்கப்பட்டனர்.

அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நாம் கருதுகிறோம். அது இல்லையேல் இன்று நம் பிள்ளைகள் படிக்கும் பாடநூல்களில் தமிழ் இவ்வளவு இருந்திராது. ஆங்கிலத்தை அவ்வளவு நுட்பமாக அறிந்த சாஸ்திரியார் தமிழின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிட்டார் என்பது வருத்தத்துக்குரியது. ஆனால் அப்போரில் ஓர் இழப்பும் நேர்ந்தது. ‘இந்தச் சொல் எதைக் குறிக்கிறது?’ என்ற கேள்வி பின்னுக்குப் போய், ‘இந்தச் சொல் எந்தக் குலத்தில் பிறந்தது?’ என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. கலைச்சொல் அறிஞர்களின் பணியாயிற்று, மாணவரின் பயிற்சியாக அது ஒருநாளும் ஆகவில்லை. சொற்கள் ஆயத்தமாக வந்தன. சொல்லைத் தேடும் வேலை வகுப்பறைக்குள் வரவேயில்லை.

இதே காலத்தில் வங்காளத்தில் வேறொரு சோதனை நடந்தது. டாக்காவிலிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், இந்தியப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராதிருப்பதன் காரணத்தை ஆராய்ந்தார். தேவையற்ற அரிய சொற்களைத் தொடக்கத்திலேயே திணிப்பதுதான் குற்றம் என்பது அவர் முடிவு. அடிக்கடி வழங்கும் சொற்களை எண்ணித் தேர்ந்து, அவற்றைக் கொண்டே வாசிப்பு நூல்களை எழுதினார். 1953இல் அவர் பதிப்பித்த பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்களே இருந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் பல பொருள்களையும், அவை வழங்கும் அளவையும் பிரித்துக் காட்டினார். ஒரு சொல்லை அறிவதென்பது அதன் கிளைகளையெல்லாம் அறிவது என்பதே அதன் உட்பொருள். சேலத்தாரும் டாக்காக்காரரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் சொற்களின் தொகை பெரிதன்று, ஒவ்வொரு சொல்லோடும் நமக்குள்ள உறவே பெரிது என்ற ஒரே இடத்துக்கு இருவரும் வேறுவேறு வழியில் வந்து சேர்ந்தனர்.

இப்பொழுது நம் ஊருக்குத் திரும்புவோம். 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், முட்டைக்கும் லாரி கட்டுமானத்துக்கும் அடுத்தபடியாக உறைவிடப் பள்ளிகளுக்குப் பெயர் பெற்றது. தமிழகத்தின் தென்கோடியிலிருந்தும் பிள்ளைகள் இங்கே அனுப்பப்பட்டனர். பிளஸ் டூ தேர்வில் மாநில அளவில் இடம்பெற்றோர் பட்டியலை அரசு அறிவித்துக்கொண்டிருந்த காலத்தில் இந்த வட்டாரத்தின் பெயர் ஆண்டுதோறும் நாளிதழ்களில் வரும். 2017இல் அந்த அறிவிப்பு நிறுத்தப்பட்டது. இப்பள்ளிகளால் எளிய குடும்பத்துப் பிள்ளைகள் பலர் மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆனார்கள் என்பதை மறுப்பது நன்றி கொன்றதாகும். ஆனால் கற்கும் முறை என்று பார்த்தால், விடையைச் சொல் மாறாமல் ஒப்பிப்பதே அங்கே கலையாக வளர்ந்தது. நம் மாணவரின் நோட்டுப் புத்தகம் அந்தக் கலையின் குழந்தை.

நாம் இதை வெளியே நின்று சொல்லவில்லை. 1990களில் தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனபோது நம்மிடம் லிஃப்கோ அகராதி ஒன்றும் இதே போன்ற நோட்டுப் புத்தகம் ஒன்றும் இருந்தன. முதுகலை முடித்தபின் வேலைக்கான நேர்காணலொன்றில் நம்மைப் பற்றி ஆங்கிலத்தில் பேசச் சொன்னார்கள். நம் தந்தையார் சிக்கனமானவர் என்று சொல்ல விரும்பி, ‘எகனாமிக்’ மனிதர் என்று சொல்லிவிட்டோம். மேசைக்கு அப்பாலிருந்தவர்கள் சிரித்தார்கள். ‘எகனாமிக்’ என்றால் பொருளாதாரம் சார்ந்தது, ‘எகனாமிக்கல்’ என்றால் சிக்கனமானது என்ற வேறுபாடு நம் நோட்டில் இருந்தது. இரண்டு வேறு பக்கங்களில் இருந்தது. இரண்டையும் ஒருநாளும் தமிழில் எதிரெதிரே வைத்துப் பார்த்ததில்லை. வேலை கிடைக்கவில்லை. தறிக்குழியில் உட்கார்ந்து காசைக் காசாகச் சேர்த்து நம்மைப் படிக்கவைத்த மனிதரைப் பற்றிச் சரியான ஒரு சொல்லைச் சொல்லத் தெரியாமற் போனதே என்ற வருத்தம்தான் வேலையைவிடப் பெரிதாக நின்றது.

ஆகவே அந்த மாணவரிடம் நோட்டுப் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, தந்தையார் செய்யும் வேலையைப் பற்றிக் கேட்டோம். திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் வட மாநிலங்கள் வரை போய்வருவதை வாசகர்கள் அறிவர். தலைநிமிர்ந்து பேசத் தொடங்கினார். ‘கேசிங்’ என்பது பாறை தட்டுப்படும்வரை மேல்மண் சரியாமலிருக்க இறக்கும் குழாய். ‘கம்ப்ரஸர்’ காற்றை இறுக்கி அடிக்கும். அந்தக் காற்றுதான் ‘ஹேமரை’ இயக்கிப் பாறையை உடைக்கிறது, உடைந்த தூளை மேலே தள்ளுவதும் அதுதான். இந்த ஆங்கிலச் சொற்களை அவர் எங்கும் எழுதி வைத்ததில்லை. ஒவ்வொன்றையும் தமிழில் விளக்கத் தெரிந்திருந்தது, ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கத் தெரிந்திருந்தது, பொருளைக் கண்ணால் கண்டிருந்தார். பள்ளியில் ‘பிரஷர்’ என்பதற்கு ஒப்பித்த வரையறையைவிட அவர் அப்போது சொன்ன விளக்கம் தெளிவாக இருந்தது.

பிறகு ‘டிஸ்இன்டரெஸ்டட்’ என்ற சொல்லுக்குத் திரும்பினோம். ஊரில் பங்காளிச் சண்டை வந்தால் யாரிடம் போவீர்கள் என்றோம். இரண்டு பக்கத்துக்கும் வேண்டாதவரும் இல்லை, வேண்டியவரும் இல்லை, அப்படியொரு பெரியவரிடம் என்றார். அவருக்கு அந்த வழக்கில் என்ன கிடைக்கும்? “ஒண்ணும் கிடைக்காதுங்க ஐயா. அதனாலதான் அவர்கிட்டப் போறோம்.” அவரிடமுள்ள குணத்துக்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறதே என்றோம். சற்று யோசித்து, ‘நடுவுநிலைமை’ என்றார். பின் அவராகவே கேட்டார்: “அப்ப அந்தப் பெரியவரு வழக்கைக் காது கொடுத்துக் கேக்காமத் தூங்கிட்டா?” அதற்குத்தான் ஆங்கிலத்தில் ‘அன்இன்டரெஸ்டட்’ என்று வேறு சொல் இருக்கிறது என்றோம். தூங்குபவர் ஆர்வமற்றவர், விழித்திருந்து தனக்கென ஒன்றும் கருதாதவர் பற்றற்றவர். ஆங்கிலம் பேசும் நாடுகளிலேயே படித்தவர் பலர் குழப்பிக்கொள்ளும் இந்த இரண்டு சொற்களையும் அவர் இனி மறக்கமாட்டார்.

இதில் நாம் புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. நூறாண்டுகளுக்கு முன் சேலத்தில் இரண்டு நண்பர்கள் அறிவியற் சொற்களுக்குச் செய்ததை ஒரு சாதாரணச் சொல்லுக்குச் செய்தோம், அவ்வளவே. தமிழ் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தின் வழியில் கிடக்கும் கல் என்று பலர் நினைக்கின்றனர். நம் அனுபவத்தில் அது நிறுத்துப் பார்க்கும் தராசு. ‘என்வி’, ‘ஜெலஸி’ இரண்டையும் பொறாமை என்றே எழுதி வைத்திருக்கும் பிள்ளையிடம், பிறர் பொருளைக் கண்டு வேகும் அழுக்காற்றுக்கும், தன்னுடையதைப் பிறர் கவர்ந்துவிடுவாரோ என்ற கலக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டுப் பாருங்கள். ‘லவ்’, ‘கம்பாஷன்’ என்னும் சொற்களைப் பேசும்போது, தொடர்புடையாரிடம் செல்லும் அன்பையும், தொடர்பு கருதாமல் எல்லா உயிர்மேலும் செல்லும் அருளையும் பரிமேலழகர் பிரித்துக் காட்டியதை நினைவூட்டிப் பாருங்கள். தராசு அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாம் என்று யாரும் சொல்லவில்லை.

மாணவர் இப்போது புதிய நோட்டுப் புத்தகம் ஒன்றை வைத்திருக்கிறார். பக்கத்துக்கு முப்பது சொற்கள் இல்லை, மூன்றோ நான்கோதான். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தமிழ்ச் சொல், அதற்குக் கீழே அந்தத் தமிழ்ச் சொல் ஏன் முழுதும் பொருந்தவில்லை என்று ஒரு வரி. சில பக்கங்களில் தமிழ்ச் சொல்லுக்கான இடம் வெறுமையாக இருக்கிறது. ஏன் எழுதவில்லை என்று கேட்டோம். “இன்னும் தேடிட்டிருக்கேனுங்க ஐயா” என்றார்.